எருதுக்கு இருந்த பெயர்

நான்காவது வரியிலேயே மெல்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேற்கு டெக்சஸில் முதலில் குடியேறிய கிழவர்கள் எழுதி அனுப்பும் நினைவுகளைப் போடும் பத்திரிகை ‘வண்டித்தடம்’. அதன் பத்தாம் ஆண்டு மலருக்காகப் பத்திரிகையின் வரலாற்றை அவள் கணவன் ஹைரம் எழுதியிருந்தான். ‘ஒவ்வொரு எழுத்தையும் நானே தனியாக என் கையால் கோத்தேன்’ என்று அதில் இருந்தது. அந்த வரியையும் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தது மெல்பாவின் கைதான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

அச்செழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக் கையில் இருந்தது, அதை மேஜையில் அறைந்தாள்.

"ஹைரம், இதை யாரு கோத்தது?"

"ஒரு பேச்சுக்கு எழுதினது, மெல்பா. படிக்கிறவனுக்கு அதெல்லாமா முக்கியம்?"

"அப்ப இதையும் தனியாவே கோத்துக்கோ ராசா."

காபியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணிக்கு இந்தப் பக்கம் அச்சு மெஷினில் ஏற வேண்டும். சாயங்கால ரயிலில் மலர் போயாக வேண்டும். ஹைரம் வீறாப்பாக எழுத்துப்பெட்டி முன்னால் நின்றான். பெட்டியின் அறைகளில் எந்த அடையாளமும் கிடையாது. எது எங்கே என்று பழகிய கைக்குத்தான் தெரியும். அவன் கைக்குத் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு வரி தேறியது, அதிலும் பாதி தலைகீழ்.

பதினொன்றரைக்கு இறங்கி வந்தான்.

"சரி தாயே, உன் பேரையும் போட்டுக்கோ. போதுமா?"

"போதாது. முதல் வரியைப் படி."

"‘என் தகப்பனார் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும், டியூக், டான் என்ற இரண்டு எருதுகளோடும் இங்கே வந்து சேர்ந்தார்.’ இதுல என்ன குத்தம்?"

"எருதுக்குப் பேரு இருக்கு. உன்னைப் பெத்தவளுக்கு?"

ஹைரம் அந்த வரியை மறுபடி படித்தான்.

பத்து வருஷமாக எல்லாக் கிழவர்களும் இப்படித்தான் எழுதினார்கள். கோவேறு கழுதையின் பெயர் மறக்காது, துப்பாக்கியின் பெயர் மறக்காது, மனைவி மட்டும் வெறும் மனைவி. அத்தனையையும் கோத்தது தன் கைதானே என்று நினைத்தபோது, மெல்பாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. அந்த மனைவிகளின் பெயரை ஒருமுறைகூட அவள் கேட்டதில்லை.

"கெசியா," என்றான் ஹைரம், தரையைப் பார்த்துக்கொண்டு.

மெல்பா எழுந்து ஸ்டிக்கை எடுத்தாள். கடைசியில் தன் பெயரைச் சேர்ப்பதற்கு முன்னால் முதல் வரியில் கெசியாவைக் கோத்தாள். வரியில் இடம் போதவில்லை. டியூக்கையும் டானையும் பிடுங்கிப் பெட்டியில் போட்டாள்.