பன்னிரண்டா, பதின்மூன்றா

ஃபார்கோ நகரத்தில் ஒரு பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தில் வெர்லின் ஹாகன் இருபத்திரண்டு வருடமாக நிர்வாகி. காகிதம் வாங்குவது, காபித்தூள் தீருமுன் சொல்லி வைப்பது, பனிக்காலத்தில் வாசற்படிக்கு உப்புத் தூவ ஆள் பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. குறை சொல்ல ஒன்றும் இல்லாத மனிதர். அதனாலேயே அவரைப் பற்றிப் பேசவும் யாருக்கும் ஒன்றும் இருந்ததில்லை.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை முதலாளி மார்லிஸ் அவர் மேசைக்கு வந்தார்.

“வெர்லின், வயலுக்குப் போயி சேதம் பாக்கற எட்டு பேரோட லேப்டாப்பும் உயிர விட்டுக்கிட்டிருக்கு. ஆர்லோவோடது மூடவே மாட்டேங்குதாம், இடுப்பு பெல்ட்டக் கழட்டிக் கட்டி வெச்சிருக்கான். புதுசா வாங்கிடுங்க. கறுப்பா, மெலிசா, கனமே இல்லாம ஒண்ணு வருமே, பெரிய கம்பெனிக்காரங்க எல்லாம் தூக்கிட்டுத் திரிவாங்களே, அது.”

“எந்தத் தலைமுறை?” என்று கேட்டார் வெர்லின். ஏதோ விளம்பரத்தில் கண்ணில் பட்ட சொல். சும்மாதான் கேட்டார்.

மார்லிஸ் நின்றுவிட்டார். “அதுல தலைமுறை வேற இருக்கா?”

“இருக்கு.”

“எனக்கு இதெல்லாம் எங்க தெரியுது? உங்களுக்குத்தான் தெரியுது. நீங்களே பாத்து முடிவு பண்ணி வெள்ளிக்கிழமை சொல்லுங்க.”

உங்களுக்குத்தான் தெரியுது. இத்தனை வருடத்தில் அந்த அலுவலகத்தில் ஒருவரும் அவரிடம் சொல்லாத வார்த்தை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதை அசைபோட்டுக்கொண்டே வண்டி ஓட்டினார்.

அன்று மாலையே தேட உட்கார்ந்தார். சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட மூன்று தலைமுறையோடு விசாரணையை நிறுத்திக்கொள்வார்கள். இந்த லேப்டாப்புக்குப் பதின்மூன்று இருந்தது. ஒன்பதாவதற்குத் திரை குறுகல். பத்தாவதற்கு விசைப்பலகை வெண்ணெய். பதினொன்றில் அதைத் தட்டையாக்கிக் கெடுத்துவிட்டார்களாம். பன்னிரண்டு பறக்கும், ஆனால் மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். பதின்மூன்று சூடாகாது, ஆனால் அது பன்னிரண்டேதான், சட்டையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று இணையத்தில் ஒரு கூட்டம் சத்தியம் செய்தது. அந்தக் கூட்டத்துக்கென்றே ஒரு மன்றம் இருந்தது. வெர்லின் அதில் சேர்ந்து, பணிவாக ஒரு கேள்வி போட்டார். காலையில் நூற்று நாற்பது பதில். நோவா ஸ்கோஷியாவில் ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர் மூடியின் கீலைப் பற்றி மட்டுமே நான்கு பக்கம் எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. “இன்னும் ஒரு வாரம் வேணும்,” என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை நாற்பத்தொரு நெடுவரிசை உள்ள அட்டவணையைச் சுவரில் ஒட்டிக் கூட்டம் போட்டார். வயலுக்குப் போகிற எட்டு பேரில் ஒருத்தியான டார்லா எலுமிச்சை இனிப்பு செய்து கொண்டுவந்திருந்தாள். அதனால் எல்லோரும் வந்திருந்தார்கள்.

“யோவ் வெர்லின், எனக்கு ரெண்டே விஷயம்தான்,” என்றான் ஆர்லோ. “வெயில்ல திரை தெரியணும். டிரக்கு சீட்டுலேர்ந்து விழுந்தா பொழைக்கணும்.”

“வெயில்னா எந்த அளவு வெயில்?”

“வெளிய போயி மேல பாருய்யா. மஞ்சளா ஒண்ணு இருக்கும், அந்த அளவு.”

டார்லா வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “அது கெடக்கட்டும், பன்னெண்டுக்கும் பதிமூணுக்கும் என்னதான் வித்தியாசம்?”

“அத ஒரு வார்த்தையில சொல்ல முடியாது.”

“சரி, ரெண்டு வார்த்தையில சொல்லுங்க.”

“அடுத்த கூட்டத்துல சொல்றேன்.”

ஏப்ரலில் மூன்று கூட்டம் நடந்தது. வெர்லின் நடையே மாறிவிட்டது. காபி ஊற்றப் போனால் இரண்டு பேர் மறித்து, “என்ன, முடிவாச்சா?” என்றார்கள். பார்சல் கொண்டுவருகிறவன்கூடக் கையெழுத்து வாங்கிக்கொண்டே, “எனக்கென்னவோ பதினொண்ணுதான் சரின்னு தோணுது சார்,” என்றான். அவனுக்கு நின்று பதினைந்து நிமிடம் விளக்கம் சொன்னார் வெர்லின்.

வீட்டில் மனைவி கொரின் தட்டில் உருளைக்கிழங்கை வைத்தபடி கேட்டாள். “என்னைக் கட்டிக்கலாமா வேணாமான்னு எத்தன நாள் யோசிச்சீங்க?”

“பதினோரு நாள்.”

“இதுக்கு ரெண்டு மாசமாச்சு. வாங்கிட்டா நாளைக்கு ஒருத்தரும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதானே பயம்?”

வெர்லினுக்குச் சுருக்கென்றது. “உனக்கு டெக்னாலஜி புரியாது,” என்று சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துச் சாப்பிட்டார்.

மே மாதக் கடைசியில் ஒரு வழியாகப் பத்தாவது என்று முடிவானது. கடைக்குப் பேசினால், பத்தாவது வருவது நின்று மூன்று வருடம் ஆகிவிட்டது என்றார்கள். அதே வாரம் பதினான்காவது இலையுதிர் காலத்தில் வரப்போகிறது என்று மன்றத்தில் பேச்சு கிளம்பியது. வெர்லின் மார்லிஸ் அறைக்குப் போய், பொறுப்பதுதான் புத்திசாலித்தனம் என்றார்.

“நான் பொறுப்பேன் வெர்லின்,” என்றார் மார்லிஸ். “ஆலங்கட்டி பொறுக்குமா?”

பொறுக்கவில்லை. ஜூன் இரண்டாம் வாரம் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி விழுந்து, மேற்கே முப்பது மைல் தூரத்துக்கு சோயாவும் பீட்டும் தரையோடு தரையாகிவிட்டன. விடிந்ததும் தொலைபேசிகள் ஓயவில்லை. ஆர்லோ பெல்ட்டை அவிழ்த்தான். லேப்டாப் இரண்டு துண்டாகக் கையில் வந்தது. அதை அப்படியே கொண்டுபோய் முதலாளி மேசையில் வைத்தான். மார்லிஸ் அதைப் பார்த்தார். பிறகு கம்பெனி அட்டையை எடுத்து டார்லாவிடம் நீட்டினார்.

“முதல்ல எந்தக் கடை வருதோ அங்க நிறுத்து. மொத்தம் ஒம்பது லேப்டாப் இருக்கான்னு கேளு, வெர்லினுக்கும் சேத்து. இருந்தா அள்ளிட்டு வா.”

நாற்பது நிமிடத்தில் டார்லா திரும்பி வந்து பெட்டிகளை வரவேற்பறையில் அடுக்கினாள். வெர்லின் ஓடிவந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“டார்லா, இதுல அஞ்சு பதிமூணு, நாலு பன்னெண்டு! கலந்து வாங்கிட்டு வந்திருக்கீங்க!”

“எல்லாம் கறுப்பாத்தானே இருக்கு?” என்றபடி அவள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு டிரக்கில் ஏறினாள். மற்றவர்களும் அப்படியே அள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவரும் அட்டவணையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மிஞ்சிய ஒன்று வெர்லினுக்கு. அதைத் திறந்து முறைத்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. டவர் சிட்டி என்ற ஊருக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, அழாத குறையாகப் பேசினார். அவர் பெயர், நிலம், பயிர் எல்லாவற்றையும் வெர்லின் தட்டி முடித்தார். அடுத்தது அடித்தது. மாலை வரை லேப்டாப்பை மடியில் வைத்தபடியே எழுபத்தாறு பேரின் விவரத்தைப் பதிந்தார். ஐந்து மணிக்கு நிமிர்ந்தபோதுதான் தன்னுடையது எது என்று பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டு. தொடையைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் வேகவில்லை.

மன்றத்துக்குப் போய், பன்னிரண்டைக் காலையிலிருந்து மடியில் வைத்திருந்தேன், சூடே ஆகவில்லை என்று உண்மையை எழுதினார். இரண்டு நிமிடத்தில் யாரோ ஒருவர் பதில் போட்டார்: அது உங்கள் தொடையின் குறையாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.

வெர்லின் அதை இரண்டு தரம் படித்தார். வாய்விட்டுச் சிரித்தார். முழங்கால் வரை சேற்றோடு உள்ளே வந்த டார்லா பயந்துபோய், “என்ன ஆச்சு?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. காலையிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்று எழுந்து, அவளுக்குக் காபி ஊற்றப் போனார்.