வாய் அறுபத்தாறு

மாடி வீட்டின் சின்ன அறையில் தினமும் மாலை நான்கு பத்துக்குக் கூரையிலிருந்து தக்காளி விழும். மொத்தம் ஏழு கிலோ. ஞாயிற்றுக்கிழமையும் விழும். முதல் தக்காளிக்கும் கடைசித் தக்காளிக்கும் இடையே ஆறு நிமிடம் ஆகும். கூரையில் ஓட்டையோ விரிசலோ கிடையாது. அதற்கு மேலே மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான். அந்த வீட்டின் ஒரே மகள், ஒன்பது வயது, நான்கு நாள் காய்ச்சலில் இறந்துபோன பதினேழாம் நாள் இது தொடங்கியது. நான்கு பத்து என்பது அவளுடைய பள்ளி வேன் தெருமுனையில் வந்து நிற்கும் நேரம். பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்த அப்பாதான் அதைக் குறித்து வைத்தார். அவருக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

அம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். மகளின் ரத்தத்தையும் அவளே எடுத்து, அவளே பரிசோதித்து, எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். முதல் நாள் விழுந்த தக்காளிகளைப் பொறுக்கி வாளியில் போட்டுவிட்டு, ஒன்றை நறுக்கி அதன் புளிப்பை pH தாளால் அளந்தாள். நான்கு புள்ளி நான்கு. சாதாரணத் தக்காளிக்கு இருக்க வேண்டியதுதான். மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. அதன் பிறகு அவள் எதையும் ஆராயவில்லை. மகளின் கட்டிலை ஓரமாக நகர்த்தினாள். விழுவது அடிபடாமல் விழுவதற்காகப் பழைய போர்வை ஒன்றை நான்கு மூலையிலும் கயிறு கட்டித் தொட்டில்போல் விரித்தாள்.

தெருவில் முதலில் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் எதிர்வீட்டுக்காரி வாளியைப் பார்த்ததும், "நேத்துதான் ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்தாரு" என்றாள். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டில் கதவே திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. துக்க வீட்டுத் தக்காளி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காய்கறிக் கடைக்காரர் மட்டும் மனதில் பட்டதைச் சொன்னார். "நீங்க சும்மா குடுத்தா நான் எப்படிக்கா விக்கிறது? என் பொழப்புல மண்ணு விழலை, தக்காளி விழுது."

கீழ் வீட்டில் வீட்டுக்காரர் இருந்தார். முப்பத்தைந்து வருடம் லேத் பட்டறை நடத்தி ஓய்ந்தவர். பட்டறையை விற்றபோது ஒரு லேத்தை மட்டும் விற்க மனமில்லாமல் பின்பக்கக் கொட்டகையில் போட்டு வைத்திருந்தார். தக்காளியைப் பற்றிக் கேள்விப்பட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. "மேல என்ன விழுந்தாலும் எனக்குக் கவலை இல்ல. கீழ ஒரு சொட்டு வரக் கூடாது. இப்பத்தான் வெள்ளை அடிச்சிருக்கேன். வந்துச்சுன்னா சட்டி பானையோட கிளம்பிடணும்" என்றார்.

அப்பாவுக்குக் கிளம்புவதில் ஆட்சேபம் இல்லை. பணிமனைக்குப் பக்கத்தில் குவார்ட்டர்ஸ் காலியாக இருந்தது. அதைச் சொன்னபோது அம்மா போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அது நிக்கட்டும். அப்புறம் போலாம்."

"நிக்கலைன்னா?"

"நாம போயிட்டா யாரு பிடிப்பா? தரையில விழும்."

அவர் குவார்ட்டர்ஸ் பேச்சை விட்டுவிட்டார். குப்பையில் கொட்டுவதைப் பற்றியும் பேசவில்லை. அழுகிப்போகாமல் வைத்திருக்க ஒரு வழிதான் இருந்தது. அவள் அதை முறைப்படி செய்தாள். தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, மசித்து, ஒரு கொதி விட்டு, சுடச்சுடக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மூடி போட்டு, பாட்டில் முழுக்க முங்கும்படி அண்டாவில் நாற்பது நிமிடம் கொதிக்க வைத்தாள். வெளியே எடுத்து ஆறும்போது மூடியின் நடுப்பகுதி உள்ளே இழுத்துக்கொண்டு "டொக்" என்று ஒரு சத்தம் வரும். வந்தால் காற்றுப் புகவில்லை என்று பொருள். ஏழு கிலோவுக்குப் பத்து பாட்டில், பத்து டொக். அந்த வீட்டில் சாயங்காலம் கேட்ட சத்தம் அது ஒன்றுதான்.

பாட்டிலில் அடைத்துத் தேதி ஒட்டியதும், தக்காளியாக இருந்தபோது வேண்டாம் என்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பாட்டிலைத்தான் திருப்பித் தரவில்லை. எதிர்வீட்டில் சர்க்கரை போட்டு வைத்தார்கள். பக்கத்து வீட்டில் அதில் செடி வளர்ந்தது. நாளுக்குப் பத்து, மாதத்துக்கு முந்நூறு பாட்டில் தேவைப்பட்டது. புதிய பாட்டில் வாங்கினால் இரண்டு பேர் சம்பளமும் கண்ணாடிக்கே போய்விடும்.

அப்பா விடுமுறை நாட்களில் பாட்டில் தேடிப் போகத் தொடங்கினார். பழைய இரும்புக் கடை, உணவகங்களின் பின்வாசல், மூடப்போகும் கடைகள். புறப்படும்போது அவள் ஒரே ஒரு மூடியை அவர் சட்டைப் பையில் போட்டு அனுப்புவாள், மாதிரிக்கு. கண்ணாடி மறுபடி மறுபடி ஆகும். மூடி ஒரு முறைதான், ஓரத்து ரப்பர் ஒரு கொதிக்கு மேல் தாங்காது. அதனால் மலிவாகக் கிடைக்கிற மூடிக்குப் பொருந்துகிற பாட்டிலைத்தான் தேட வேண்டும். மலிவான மூடி அறுபத்தாறு மில்லிமீட்டர் அகலம். போகிற இடத்தில் எல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: "வாய் எவ்வளவு?" பழைய பாட்டில் கடைக்காரர் முதல் நாளே அவரை எடை போட்டுவிட்டார். "வாய் பெருசா இருந்தா விலை ஜாஸ்தி சார். உங்களை மாதிரி வாயே இல்லாததுன்னா சும்மாவே தருவேன்" என்றார். அப்பா சிரிக்கவில்லை. கடைக்காரரும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டதும் அதுதான். "அறுபத்து மூணு கிடைச்சுது, வேண்டாம்னு வந்துட்டேன்." "சரிங்க." "தேன் பாட்டில், கழுத்து ஒடுக்கம்." "கரண்டி போகாது." ஒரு வருடம் முழுக்க அவர்கள் பேசியதை எழுதி வைத்தால் கண்ணாடி வியாபாரிகளின் கடிதம்போல் இருக்கும். மகளின் பெயர் அதில் ஓரிடத்திலும் வராது.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஊருக்கு வெளியே ஒரு ஜாம் கம்பெனியை மூடினார்கள். கிடங்கில் அறுநூறு பாட்டில் இருந்தது, கால் விலைக்கு. உரசி உடையாமல் இருக்க ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் செய்தித்தாளைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். அப்பா ஒன்றை எடுத்துக் காகிதத்தைப் பிரிக்கப் போனார். கிடங்குக்காரர், "பிரிச்சா நீங்கதான் சார் திரும்பச் சுத்தணும், எனக்கு ஆள் இல்ல" என்றார். அந்த நாட்களில் அப்பா யாரோடும் வாதாடுவதை விட்டிருந்தார். பையிலிருந்த மூடியைக் காகிதத்தோடு சேர்த்து வைத்துத் திருகினார். சிக்கென்று பிடித்தது. இன்னும் நான்கு பாட்டிலில் வைத்துப் பார்த்தார். நான்கிலும் பிடித்தது. மூன்று மாதத்துக்கு ஒதுக்கியிருந்ததை மொத்தமாகக் கொடுத்து, சின்ன வேன் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வீட்டில் காகிதத்தைப் பிரித்தார்கள். மூடி வாயின் மேல் உட்கார்ந்தது. அவள் திருகினாள். அது சுற்றியது. இன்னும் திருகினாள். சுற்றிக்கொண்டே இருந்தது. வாய் அறுபத்து மூன்று மில்லி; மீதி மூன்று மில்லி செய்தித்தாள்.

"பேப்பரோட பாத்தீங்களா?"

"ஆமா."

அவள் திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. பிறகு அதுவும் தோன்றவில்லை. இருவரும் அறுநூறு காகிதத்தையும் நீவி மடித்து வைத்தார்கள். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

கையில் பணமும் இல்லை, பொருந்துகிற பாட்டிலும் இல்லை. தக்காளிக்கு அது தெரியாது. நாளுக்கு ஏழு கிலோவாக ஐந்து நாள் விழுந்தது. வாளி, குடம், அண்டா, குளிக்கிற தொட்டி எல்லாம் நிரம்பின. ஆறாம் நாள் அடியில் இருந்தவை நசுங்கிச் சாறு விட்டன. அன்று மதியம் மூன்று ஐம்பதுக்குக் கீழ் வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவரின் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். வெள்ளையடித்த கூரையில் சில்லறைக் காசு அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். அவர் தலையைத் துடைக்கவில்லை, சாட்சிக்கு இருக்கட்டும் என்று அப்படியே படியேறினார். முட்டிவலி காரணமாகப் பதினெட்டுப் படிக்குப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

அவர் உள்ளே வந்தபோது அம்மா சின்ன அறையில் இருந்தாள். போர்வை நனைந்து கிழிந்திருந்ததால் ஒரு புடவையை விரித்து, இரண்டு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மூன்றாவதை அவளும் நான்காவதை அப்பாவும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முனை அவள் கையிலிருந்து நழுவியது. ஐந்து நாளாக அவள் தூங்கவில்லை.

"நான் சொன்னேனா இல்லையா?" என்று வீட்டுக்காரர் தலையைக் காட்டினார்.

"சொன்னீங்க. மாசக் கடைசிக்குள்ள கிளம்பிடறோம்" என்றார் அப்பா. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஐயா, நாலு பத்து ஆயிடுச்சு. இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா" என்றாள்.

முனையை வாங்கிக்கொண்ட பிறகுதான், எதற்கு வந்தோம் என்பது வீட்டுக்காரருக்கு நினைவு வந்தது. அதற்குள் விழத் தொடங்கிவிட்டது. ஆறு நிமிடம் பிடித்திருந்தார். கடைசியில் விழுந்தது கொஞ்சம் விலகி வரவே, ஒரு கையை நீட்டி அதைப் பிடித்தார். அதை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே மகளின் பள்ளிப் பை இருந்தது. சுவரோரம் முழுக்க அறுநூறு பாட்டில்கள். ஒன்றின் மேல் ஒரு மூடி சும்மா உட்கார்ந்திருந்தது. அவர் அதைத் திருகினார். சுற்றியது. மறுபடி திருகினார்.

"என்னம்மா இது, இவ்வளவு ஆட்டம்?"

அவள் காகித விஷயத்தைச் சொன்னாள். அவர் அப்பாவை ஒரு முறை பார்த்தார், கெட்டுப்போன பேரிங்கைப் பார்ப்பதுபோல். பிறகு சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து வாயின் வெளிப்பக்கத்தையும் மூடியின் உள்பக்கத்தையும் அளந்தார். தலையில் சாறு காய்ந்துகொண்டிருந்தது.

"பக்கத்துக்கு ஒன்றரை மில்லி. இதுக்கா வீட்டைக் காலி பண்றீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க" என்றார் அப்பா.

"நான் ஆயிரம் சொல்வேன். ஒன்றரை மில்லிய விட்டுட்டு ஒருத்தன் போவானா?"

மறுநாள் கொட்டகையில் லேத் ஓடியது. நைலானில் ஒரு வளையம், உள்ளே அறுபத்து மூன்றுக்கு மரை, வெளியே அறுபத்தாறுக்கு மரை. முதல் வளையம் கசிந்தது. இரண்டாவது கொதித்ததில் இளகியது. மூன்றாவதைப் போட்டு அண்டாவில் இறக்கி, மூன்று பேரும் அடுப்படியில் நின்றார்கள். ஆறும்போது டொக் என்றது. வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டுக் கீழே போனார். நாளுக்குப் பதினைந்து வளையமாக நாற்பது நாளில் அறுநூறையும் கடைந்து முடித்தார். வளையத்துக்குக் காசு வாங்கவில்லை. வாடகையைக் குறைக்கவும் இல்லை. காலி செய்யச் சொன்னதை அதன் பிறகு யாரும் பேசவில்லை. கூரையிலிருந்த சிவப்பு வட்டத்தின் மேல் அவர் காலண்டர் மாட்ட முடியாததால் அதை அப்படியே விட்டார்.

பிறகு வருடங்கள் போயின. ஒரு மாணவர் விடுதிச் சமையல்காரர் பாட்டில்களை மொத்தமாக எடுத்துக்கொண்டு, காலியானதைக் கழுவித் திருப்பி அனுப்பினார். வளையம் போட்ட பாட்டிலை வேறு எதற்கும் வைத்துக்கொள்ள யாரும் விரும்பாததால் எதுவும் குறையவில்லை. மூடி விலை இரண்டு முறை ஏறியது, ஒரு முறை இறங்கியது. நான்காம் வருடம் அப்பா மாலை ஷிப்டை விட்டுக் காலை ஷிப்டுக்கு மாறினார். ஐந்தாம் வருடம் வீட்டுக்காரருக்கு முட்டி அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறாம் வருடம் அம்மா பள்ளிப் பையைத் திறந்து, பாதி வரைந்த பூவின் படமும் மதிய உணவு டப்பாவும் இருப்பதைப் பார்த்து, டப்பாவை மட்டும் கழுவி வைத்தாள். தக்காளி ஏழு கிலோவாகவே இருந்தது.

எட்டாம் வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஓர் இளம்பெண் வந்தாள். முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். தரை சிமென்ட். தண்ணீர் குழாய். கூரை என்று கேட்டுவிட்டுத் தானே அண்ணாந்து பார்த்துக் "கான்கிரீட்" என்று எழுதிக்கொண்டாள்.

"வீட்டுல எத்தனை பேரு, அக்கா?"

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அதுவரை அப்பாதான் பதில் சொல்வார். அம்மா அந்த நேரம் அடுக்களைக்குப் போய்விடுவாள். அன்று அவர் அடுக்களையில் இடுக்கியோடு நின்றிருந்தார்.

"ரெண்டு பேரு" என்றாள் அம்மா.

அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அடுப்பைக் குறைக்கவில்லை. உள்ளறையில் துணியின் மேல் மெத்து மெத்தென்று சத்தம் தொடங்கியது.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"இல்லம்மா. தக்காளி விழுது."

கணக்கெடுப்பவள் எட்டிப் பார்த்தாள். அட்டையைத் திருப்பி, அதற்கென்று ஏதாவது கட்டம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. கூரை என்ற இடத்தில் எழுதியதைத் திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.