கால்மாட்டில் நிற்பது யார்?

1

இது ஒரு நண்பர் சொன்ன கதை என்றுதான் முதலில் ஆரம்பித்திருந்தேன். பொய். எனக்கு அப்படி மனம்விட்டுப் பேசுகிற நண்பர் யாருமில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றதால் கதையில் வரும் கணவனை லிப்ட் மெக்கானிக் ஆக்கிவிட்டு, நான் அவன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

2

“கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்தும் மனைவியின் தோளைத் தொட்டால் அவனுக்குள்…”

(அவனுக்குள் என்ன? ஒன்றுமில்லை. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு கைப்பேசியில் யார் யாரையோ பார்த்தால்தான் அவன் உடம்பு விழிக்கிறது. இதை எழுதக் கை வரவில்லை. அதை விட்டுவிட்டுப் படுக்கையறைக் காட்சிக்குத் தாவினேன். இரண்டு பக்கம் மளமளவென்று வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.)

3

என் மனைவி அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறாள். நான் எழுதுவதை முதலில் படிப்பவளும் அவள்தான். ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினாள். பிறகு பேனாவை மூடினாள்.

“ஏங்க, இதெல்லாம் யாரு பாக்குறது?”

“புருஷன்தான்.”

“அவன் முகம் அவ கழுத்துக்கிட்டல்ல இருக்கு? அவ முதுகு, காலு, கட்டில் மொத்தமும் அவனுக்கு எப்படித் தெரியும்? கால்மாட்டுல யாரோ நின்னு பாக்குற மாதிரி இருக்கு. அவ முகம் ஒரு எடத்துலகூட இல்லையே.”



[நான் சொன்ன சமாதானத்தை அடித்துவிட்டேன். படிக்கச் சகிக்கவில்லை.]

“ரெண்டு வருஷம் முன்னாடி உங்க குறட்டைக்காகவா நான் பக்கத்து ரூமுக்குப் படுக்கப் போனேன்? நம்ம கட்டில்ல நான் தனியாதான் படுத்திருந்தேன். நீங்க வேற யாரையோ பாத்துக்கிட்டிருந்தீங்க.”

தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டிவிட்டு எழுந்துபோனாள்.

4

கதைக்கு முடிவுகள் யோசித்தேன். அவன் கைப்பேசியை உடைக்கிறான் (மறுநாளே புதிது வாங்கிவிடுவான், எனக்குத் தெரியாதா?). அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு

இல்லை. அதை எழுத மாட்டேன்.

உனக்கு என்ன பிடிக்கும் என்று என் மனைவியிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. என் தனிமையைத்தான் இத்தனை நாளாகப் பெரிதாக நினைத்திருந்தேன். அவளுடையது அதைவிடப் பெரியது, பக்கத்திலேயே கிடந்தது. நினைத்தால் அழுகை வருகிறது.

5

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். கதவு சாத்தவில்லை. அவன் இல்லை, நான்தான் போய் அதைக் கேட்கப்போகிறேன். போ என்றும் சொல்லலாம். சிரிக்கவும் செய்யலாம். பயமாக இருக்கிறது.

வாசகரே, இவ்வளவு நேரம் கூடவே நின்று பார்த்தீர்கள். அந்த அறைக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்க வேண்டும். தயவுசெய்து கிளம்புங்கள்.