அக்கா பார்த்த முதல் நடை

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், வீங்கின கன்னத்தைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி சொன்னது. குழந்தைகள் காப்பகத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும் அப்படியே. வலியில் பேச்சு கொழகொழவென்று வந்தது. புரியாத இடங்களை நான் இட்டுக்கட்டியிருக்கிறேன்.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை கொட்டிய ஒரு மாலையில், காப்பக வாசலில் ஒரு தாய்…’

வேண்டாம். மழையே பெய்யவில்லை. கைவசம் ஒன்றும் இல்லாதபோதுதான் கதைக்காரன் மழையைக் கூப்பிடுகிறான்.

அக்கா வேலையில் கெட்டி. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் பால் கொடுக்க மாட்டார். துணி மாற்றும்போது ஒரு கை எப்போதும் குழந்தையின் வயிற்றின்மேல் இருக்கும். பவுடர் டப்பா உருண்டு விழுந்தால் விழட்டும். தூங்க வைப்பது மல்லாக்கத்தான், தலையணை கிடையாது. (இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவரைக் கவனக்குறைவானவர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அவருக்குத் தவறியது கை இல்லை, வாய்.)

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. குழந்தை முதன்முதலாகக் கவிழ்ந்தாலும், எழுந்து நின்றாலும், நடந்தாலும், பெற்றவர்களிடம் மூச்சு விடக் கூடாது. வீட்டில் அவர்கள் என்றைக்குப் பார்க்கிறார்களோ, அதுதான் முதல் தடவை. மறுநாள் வந்து சொல்லும்போது “அப்படியா” என்று வாயைப் பிளக்க வேண்டும். அதுவும் வேலையில் சேர்த்திதான்.

3
உருண்டை என்று அவர்கள் செல்லமாகக் கூப்பிட்ட பையன், ஒரு மதியம் மெத்தையின் விளிம்பை விட்டுவிட்டு அக்காவை நோக்கி நடந்தான். (எத்தனை அடி என்று அக்கா சொன்னார். அது அவருடையது, நான் எழுதவில்லை.) அள்ளியெடுத்துக் கொஞ்சினார். மாலையில் அவன் அம்மா வந்தபோது மூச்சு விடவில்லை.

அம்மா துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். இரண்டு நாள் கழித்து, காலையில் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

“அக்கா, நேத்து நடந்துட்டான்க்கா. என்னைப் பாத்து நடந்து வந்தான். நல்லவேளை, நான் வீட்ல இருந்தேன்.”

“அப்படியா!” அக்கா சரியாகத்தான் வாயைப் பிளந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன ஆசை விடவில்லை. “ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு, குடிகாரன் மாதிரி வருவானே, பாத்தீங்களா?”

“ஆமாக்கா, அதேதான்…” என்று சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். “எப்பக்கா நடந்தான்?”

அக்காவுக்குப் பொய் வாயில் வரவில்லை. “திங்கக்கிழம.”

“பரவால்லக்கா.” பையை நீட்டினாள். “காலைல பால் குடிச்சான். துணி மாத்திட்டேன்.”

பஸ்ஸைக் கோட்டைவிடும் அளவுக்கு வாசலில் நின்று கதை பேசுகிறவள், அன்றிலிருந்து பாலையும் துணியையும் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை.

“திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்ங்க,” என்றார் அக்கா. “நான் பாத்தத நானே வச்சிருந்திருக்கணும். அவகிட்டருந்து புடுங்கிட்டேன்.”

4
முடிவு? எழுதிப் பார்த்த ஒன்றில் இருவரையும் கட்டிப்பிடித்து அழவைத்தேன். எனக்கே வெட்கமாகிக் கோடு போட்டு அடித்துவிட்டேன். இன்னொன்றில் அம்மா குழந்தையை வேறு காப்பகத்துக்கு… இல்லை, அவள் மாற்றவில்லை. இன்னமும் தினமும் அக்கா கையில்தான் கொடுத்துவிட்டுப் போகிறாள். அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை.

நர்ஸ் கூப்பிட, அக்கா எழுந்தார். உடனே போகவில்லை.

“நேத்து பேசிட்டான்ங்க. முதல் வார்த்த. என் மடியில உக்காந்துக்கிட்டு.”

“அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“இந்தத் தடவ மாட்டேன். ஆனா யார்கிட்டயாவது சொல்லணுமே. நீங்க அந்தப் பக்கம் வரப்போறதில்ல.” குனிந்து என் காதில் சொன்னார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். இந்தக் கதைக்கு அருமையான கடைசி வரி. எழுதி எழுதி அழித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவன் அம்மா இன்னும் அதைக் கேட்கவில்லை.

ஒரு காலையில் அவள் மறுபடியும் ஓட்டமும் நடையுமாக வந்து அவன் பேசியதை வாசலில் சொல்வாளா, அல்லது பாலோடும் துணியோடும் நிறுத்திக்கொள்வாளா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். சொன்னாள் என்றே முடிப்பதாக இருந்தால், அக்காவை “அப்படியா” என்று வாயைப் பிளக்க வையுங்கள். அத்தோடு நிறுத்திவிடுங்கள்.