ஸ்டீல் இடுக்கி

பதினோரு வருஷமா காந்தம் அளக்கிற மெஷினை ஓட்டுறவ நான். என் ரூமுக்குள்ள யாராவது ஸ்டீல் சாமானோட வந்தா, கொலை விழும்னு எல்லாருக்கும் தெரியும். இரும்பு துளியூண்டு ஒட்டினாலும் போச்சு, காந்தமே இல்லாத பொருள் காந்தம் மாதிரி வேஷம் கட்டும். பிளாஸ்டிக் இடுக்கி, பிளாஸ்டிக் கரண்டி, அவ்வளவுதான்.

இன்னிக்குக் காலையில டிராயரைத் துடைக்கிறேன், உள்ளே ஒரு ஸ்டீல் இடுக்கி. நுனியில கருப்புப் பொடி. அது என் அண்ணி செஞ்சு அளக்கக் கொடுத்த பொடி. போன மாசம் பிளாஸ்டிக் இடுக்கி உடைஞ்ச அன்னிக்கு, ஒரு தடவைதானேன்னு இதால எடுத்த மகராசி வேற யாரு, நானேதான்.

அண்ணி பெரோவ்ஸ்கைட் ஆக்சைடு செய்யுறவங்க. அதுல அணுக்கள் கூண்டு கூண்டா அடுக்கியிருக்கும். கூண்டு கொஞ்சம் சாய்ஞ்சா, எதிரும் புதிருமா நிக்கிற குட்டிக் காந்தங்கள் சரிக்குச் சரி கழியாம கொஞ்சம் மிஞ்சும். தன் பொருள்ல அந்த மிச்சம் சாதாரண ரூம் சூட்டுலயே நிறைய இருக்குன்னு சொல்லித்தான் இன்னிக்குப் பதினோரு மணிக்கு வேலைக்கான நேர்காணல்ல நிக்கப் போறாங்க. வேலை கிடைச்சா, ரெண்டு வருஷமா வேற ஊர்ல அவங்க அம்மாகிட்ட வளர்ற அவங்க பொண்ணு குட்டி எங்க வீட்டுக்கு வந்துடுவா.

அண்ணியோட பொருள்ல மிச்சமிருந்த வில்லையைப் பிளாஸ்டிக்கால உடைச்சு மெஷின்ல வெச்சேன். காந்தப்புலத்தை ஏத்தி இறக்கினா, நிஜக் காந்தம்னா போன மாசம் மாதிரி திரையில வளையம் வரணும், இல்லேன்னா வெறும் கோடு. கோடு வந்தது. திரும்பவும் வெச்சேன். அதே கோடு. கூண்டு சாய்ஞ்சது நிஜம், எக்ஸ்ரே படத்துல இருக்கு. காந்தம்தான் பொய்.

மூச்சு வாங்க ஓடினேன். அண்ணி நேர்காணல் ஹால் வாசல்ல முந்தானையைச் சரி பண்ணிட்டு நின்னாங்க. எல்லாத்தையும் கொட்டினேன்.

“கோடா?”

“ரெண்டு தடவை, அண்ணி.”

அவங்க முகம் வெளுத்துப் போச்சு. “ஒரு மணி நேரம் வாயை மூடிட்டு இரு. அப்புறம் நானே சரி பண்றேன். குட்டிக்காகடி.”

தலையாட்டினேன். பாவி, ஆட்டித் தொலைச்சேன்.

கடைசி வரிசையில உக்காந்தேன். அண்ணி பேசினாங்க. வளையம் திரையில பெருசா விழுந்தது. எல்லாரும் கைதட்டினாங்க. அப்புறம் தேர்வுக்குழுவுல ஒரு கண்ணாடிக்காரர் கேட்டார், “இரும்பு ஒட்டலைன்னு எப்படி நிச்சயம்?”

அண்ணி சிரிச்சாங்க. “அளந்தவங்க பின்னாடியேதான் இருக்காங்க, சார். இங்கே அவங்களை விடக் கறாரானவங்க யாரும் இல்ல. கேட்டுப் பாருங்க.”

எல்லாரும் திரும்பினாங்க. ‘ஒட்டல’ன்னு ஒரு வார்த்தை, அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். நாக்கு அதுக்கு வளையல.

“ஒட்டியிருக்கு, சார். ஸ்டீல் இடுக்கியால எடுத்துட்டேன். தப்பு என்னோடது. இன்னிக்கு அளந்தா வளையம் இல்ல.”

கண்ணாடிக்காரர் பேனாவை மூடி வெச்சார். அண்ணி என்னைப் பார்க்கவே இல்ல.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். போன் அடிச்சது. குட்டிதான். அண்ணி ஸ்பீக்கர்ல போட்டாங்க. “அம்மா, பையை எடுத்து வெச்சுட்டேன். எப்ப வரட்டும்?”

அண்ணி போனை என் கையில கொடுத்தாங்க.

“நீ சொல்லு.”