அண்ணனுக்கு எந்தத் தொகுதி?

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. நான் ஒரு கலைக்களஞ்சிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பிரபலங்களின் சொந்தக்காரர்களுக்குத் தனிப்பதிவு கொடுக்கலாமா என்று முடிவு செய்வது என் பிரிவு. அமைச்சரின் மைத்துனர், பாடகியின் மருமகன், விஞ்ஞானியின் சித்தப்பா என்று வந்துகொண்டே இருப்பார்கள். என்னிடம் ஒரு கட்டைவிரல் உண்டு. பிரபலத்தின் பெயரை அதனால் மறைத்துக்கொண்டு மீதியைப் படிப்பேன். மீதி ஏதாவது இருந்தால் பதிவு. இல்லாவிட்டால் ஒரு வணக்கம்.

(பெரும்பாலும் வணக்கம்தான்.)

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அலைகள் ஆர்ப்பரித்த அந்த அதிகாலையில், ஒரு வீரமங்கை தன்னந்தனியாக—’

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது. தன்னந்தனியாக என்பது பொய்யும்கூட.

நேராகவே சொல்கிறேன். இளம் வயதில் கடலை நீந்திக் கடந்த அம்மையார் ஒருவர், ஊரெல்லாம் தெரிந்தவர். அவர் பெயரில் நீச்சல்குளமே இருக்கிறது. இன்று காலை தன் அண்ணனைக் கையோடு இழுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

“சார், எங்க அண்ணனுக்கு ஒரு பதிவு போடணும்.”

“வேணாம் சார்,” என்றார் அண்ணன், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

3

(இந்த அண்ணனை நான் நம்பவில்லை. புகழ் வேண்டாம் என்கிற ஆள் கதைகளில்தான் இருப்பார். அதனால் அவரைக் கொஞ்சம் பொறாமைக்காரராக எழுதிப் பார்த்தேன். இரண்டு வரி பொறாமைப்பட்டார். அடுத்த வரியில் தங்கைக்குத் தண்ணீர் எடுத்துவரப் போய்விட்டார். அடித்துவிட்டேன்.)

அவர் செய்தது என்ன? தங்கை நீந்தும்போது பக்கத்தில் துணைக்குப் படகு ஓட்டினார். கட்டைவிரலை வைத்தேன். மீதி: ‘படகு ஓட்டினார்.’ வணக்கம் சொல்ல வாயெடுத்தேன்.

“இருங்க,” என்றார் தங்கை. “படகைத் தொட்டா நீச்சல் செல்லாது. அதுதான் விதி. பாதிக் கடல்ல கை ரெண்டும் மரத்துப்போச்சு. தூக்கிக்கோ அண்ணான்னு கத்துறேன். இந்த மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? துடுப்பைப் போட்டுப் படகைத் தள்ளிக் கொண்டுபோயிட்டாரு!”

“முங்கியிருந்தா குதிச்சிருப்பேன் சார். அவ வாய்க்கு வந்தபடி திட்டிட்டு இருந்தா. திட்ட மூச்சு இருக்கே, நீந்தவும் இருக்கும்னு நெனச்சேன்.”

“திட்டித் திட்டியே கரை சேர்ந்தேன். அன்னிக்கு இவரு தள்ளிப் போகலேன்னா நான் யாரு சார்?”

கட்டைவிரலை எடுத்துவிட்டேன்.

4

“சரி, தனிப்பதிவு,” என்றேன்.

“தனின்னா எங்க வரும்?” என்று கேட்டார் அண்ணன்.

“அகரவரிசை சார். தங்கச்சி முதல் தொகுதி, நீங்க கடைசித் தொகுதி.”

அவர் அலமாரியைப் பார்த்தார். முதலுக்கும் கடைசிக்கும் நடுவே தடித் தடியாக ஒரு சுவரே நின்றது.

“வேணாம் சார். ஒரு தடவை தள்ளிப் போனதுக்கே அவ கத்தின கத்தல் இன்னும் காதுல இருக்கு. திரும்பவும் தள்ளிப் போக மாட்டேன். அவ பதிவுலயே ஓரமா ஒரு வரி போடுங்க, போதும்.”

நான் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். என் வேலைக்கு இது ஆகாது.

தங்கை விடுவதாக இல்லை. “என் பதிவுல இருந்தா, என்னைத் தேடி வர்றவங்கதான் உன்னைப் பார்ப்பாங்க. காலம் பூரா அப்படித்தானே? ஒருத்தராவது உன்னைத் தேடிப் புத்தகத்தைத் திறக்கணும் அண்ணா.”

இரண்டு பேர் சொல்வதும் சரி. அதுதான் தொல்லை.

5

முடிவு அ: இருவருக்கும் சேர்த்து ஒரே பதிவு. (தலைமைப் பதிப்பாசிரியர் என்னையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புவார்.)

முடிவு ஆ: அண்ணன் பேசாமல் எழுந்து போகிறார், தங்கை கண்கலங்கி— இல்லை. அழவைக்கும் உத்தேசம் எனக்கில்லை.

முடிவு இ:

எழுதவில்லை. அச்சகத்து ஆள் வாசலில் காத்திருக்கிறார். எதிரில் இவர்கள் இருவரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

“என்ன சார் முடிவு பண்ணீங்க?” என்கிறார் தங்கை.

“என்னால ஆகலைங்க. ஒருத்தர் இவ்வளவு நேரமா இதைப் படிச்சிட்டு இருக்காரு. அவரே சொல்லட்டும்.”

அண்ணன் நிமிர்ந்தார். “யாரு, தங்கச்சியைத் தேடி வந்தவரா?”

“இல்ல சார். உங்களைத் தேடி வந்தவரு.”

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்கிறார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். சொல்லுங்கள், எங்கே போடட்டும்?