அரைக்கீரை மீது திருட்டு வழக்கு

எங்கள் தோட்டத்து அரைக்கீரை மீது திருட்டு வழக்குப் போட்டது வாய்க்காலின் மேல்கரையில் இருக்கும் தோல் தொழிற்சாலை. தோல் பதனிட வைத்திருந்த அவர்களுடைய குரோமியத்தைக் கீரை எடுத்துக்கொண்டுவிட்டதாம். மண்ணைச் சோதித்தார்கள், கீரையைச் சோதித்தார்கள். இரண்டிலும் இருந்தது. நான் மறுக்கவில்லை. நம் பாத்தியில் முளைத்துவிட்டது என்பதற்காகத் தப்புக்குப் பரிந்து பேசுகிற ஆள் இல்லை நான்.

ஏட்டு வந்து நான்கு பாத்தியையும் அறுத்து, கட்டுக்கட்டாக ஜீப்பில் ஏற்றிப்போனார். வேரை விட்டுவிட்டார். பன்னிரண்டாம் நாள் அத்தனையும் மறுபடி தழைத்து நின்றது. காவலில் இருந்து தப்பியதாக இன்னொரு பிரிவையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவழியாக ஜாமீன் கிடைத்தது. தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு செடியை வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, சைக்கிளில் கொண்டுபோவேன். அது வேரை மையில் தொட்டு நோட்டில் ஒற்றும். "ரேகை சரியா விழலையே" என்று ஏட்டு முணுமுணுப்பார். இன்னொரு தடவை ஒற்றச் சொல்வேன்.

கீரைக்கு என்ன ஆனால் எனக்கென்ன? என் கவலையெல்லாம் என் மனைவி தவமணியைப் பற்றித்தான். கல்யாணமாகி வந்த இந்தப் பதினொரு வருஷமும் ஒரு நாள் தவறாமல் அந்தக் கீரையைக் கடைந்து சாப்பிட்டவள் அவள். நான் கீரையைத் தொடாதவன். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் வழக்கு கீரையோடு போய்விடும் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருக்கிறவளையா நான் கட்டிக்கொண்டேன்!

விசாரணை நாளில் டவாலி, "அரைக்கீரை, அரைக்கீரை, அரைக்கீரை" என்று மூன்று முறை கூப்பிட்டார். நான் தூக்கிப்போய்க் கூண்டில் வைத்தேன். தொழிற்சாலை மேனேஜர் நல்ல மனிதர். காணாமல் போன பொருளைப் பற்றி யாரையும் நோகடிக்காமல் சொன்னார்.

தவமணி எழுந்துவிட்டாள். "வேணாம்னு வெளிய ஊத்தினதத்தானே அது எடுத்துச்சு?"

"ஊத்தலம்மா. வாய்க்கால்ல வச்சிருந்தோம். உள்ள எடம் இல்ல," என்றார் மேனேஜர்.

"இருவது வருஷமாவா?"

"பத்திரமாத்தாம்மா இருந்துச்சு. நீங்க கீரை போடுற வரைக்கும்."

நீதிபதி தவமணி பக்கம் திரும்பினார். "நீங்க இந்தக் கீரையச் சாப்பிடுவீங்களா?"

"தெனமும். பூண்டு தட்டிப் போட்டு," என்றாள் பெருமையாக.



அன்று மாலையே அவள் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். பொருள் கைமாறிவிட்டது உறுதியானதால் கீரையை எச்சரித்து விடுவித்தார்கள். தவமணியை உரியவரிடம் ஒப்படைக்கும்படி உத்தரவாயிற்று. மேனேஜர் வேனில் மெத்தை போட்டுக் கொண்டுவந்திருந்தார். "இன்னாய்யா இப்படி நிக்கிற? கோழிக்குத் தண்ணி வையி," என்று சொல்லிவிட்டு ஏறினாள். வேன் மறையும் வரை நின்றேன். பிறகு கோழிக்குத் தண்ணீர் வைத்தேன். அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போய் என்னையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பரிசோதித்துவிட்டு மேனேஜர் வருத்தப்பட்டார்.

"இருசப்பன், உங்ககிட்ட எங்க பொருள் ஒண்ணுமே இல்லையே. சும்மா ஒருத்தர எப்படி உள்ள வச்சிக்கிறது?"

அங்கிருந்து பார்த்தால் கிடங்கு தெரிந்தது. மூன்றாவது அடுக்கில், ரசாயன மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தவமணி தலைவாரிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. என்னைப் பார்த்து, போய்ச் சாப்பிடு என்று சைகை காட்டினாள்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் கீரைதான் சாப்பிடுகிறேன். எனக்குக் கடையத் தெரியாது. வேகவைத்து, உப்புப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடுவேன். வாயில் வைக்க முடியாது. இதில் என்ன ருசியைக் கண்டாளோ! மாதம் ஒருமுறை தொழிற்சாலைக்குப் போய்ப் பரிசோதனைக்கு நிற்பேன். போதாது என்று அனுப்பிவிடுவார்கள்.

ஏழாம் மாதம் மேனேஜர் வீட்டுக்கே வந்து, என்னை அங்கங்கே தட்டிப் பார்த்தார். உடம்பு இன்னும் அந்த அளவுக்கு வரவில்லையாம். இடது கை மட்டும் வந்துவிட்டதாம். "முழுசா ஆவட்டும், சேர்த்தே எடுத்துக்கிறோம்," என்றார். ஏழு மாதமாக அவள் அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறாள். நான் எதற்குக் காத்திருப்பது? கையைக் கழற்றினேன். ஒற்றைக் கையால் செய்தித்தாளைச் சுற்ற வரவில்லை. மேனேஜர்தான் சுற்றி, நூல் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் தவமணி வேன் டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். "கை வந்துடுச்சு. நகம் வளந்து கெடந்துச்சு, வெட்டிட்டேன். வந்ததுலேருந்து என் முந்தானையப் புடிச்சிக்கிட்டு வுட மாட்டேங்குது, ஒரு வேலையும் ஓடல. நீயே அதுக்குச் சொல்லு."

நான் சொல்லவில்லை.